கிணற்று நீர், நீல மருந்து, நாலு விதமாகச் சாகும் கப்பிகள்

கேள்வி: பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் நடுவில் வீடு. ரெண்டடித் தொட்டி, வெட்டுக்கல் கிணற்றுத் தண்ணீர். எட்டு நாள் முன்பு 20 கப்பி மீன் வாங்கி, தொட்டி வைத்த அன்றே விட்டேன். நாலாம் நாளிலிருந்து துடுப்பை ஒடுக்கிக்கொண்டு, நின்ற இடத்திலேயே நெளிகின்றன. 5 செத்துவிட்டன. இரண்டின் மேல் உப்புத் தூவினது போலப் புள்ளி. ஒன்றின் வாய் வெளுத்துப் பஞ்சு ஒட்டினது மாதிரி இருக்கிறது. ஒரு பெண் மீனின் பின்துவாரத்தில் சிவப்பு நூல் தெரிகிறது. கடையில் கொடுத்த நீல மருந்தை 3 நாளாக ஊற்றுகிறேன். இது என்ன நோய், என்ன மருந்து?

பதில்:

நீங்கள் சொன்னதில் நாலு சங்கதி இருக்கிறது. நெளிவது தண்ணீர்க் கோளாறு. புள்ளி ஓர் ஒட்டுண்ணி. வெளுத்த வாய் பாக்டீரியா. சிவப்பு நூல் குடற்புழு. நாலுக்கும் சேர்த்து ஒரே மருந்து கிடையாது. அதிலும் ஒன்றுக்குச் செய்யும் வைத்தியம் இன்னொன்றை வளர்த்துவிடும் என்பதுதான் உங்கள் தொட்டியில் உள்ள சிக்கல். அதனால் எது என்ன என்பதைவிட எதை முதலில் தொடுவது என்பது முக்கியம்.

முதலில் சாவின் கணக்கைப் பாருங்கள். எல்லா மீனும் ஒரே நாளில் வாடினால் தண்ணீரைச் சந்தேகப்பட வேண்டும். எந்தக் கிருமியும் 20 மீனை ஒரே ராத்திரியில் ஒன்றுபோல் பிடிக்காது. நாளுக்கு ஒன்று, இரண்டு என்று ஏறிக்கொண்டே போனால் வெண்புள்ளி போன்ற ஒட்டுண்ணி. காலையில் வாயில் வெள்ளையாகத் தெரிந்தது மறுநாள் மாலைக்குள் செத்தால் பாக்டீரியா. வாரக்கணக்கில் நன்றாகத் தின்றுகொண்டே மெலிந்து போனால் வயிற்றுக்குள் பார்க்க வேண்டும். இந்த நாலு வேகத்தையும் மனதில் வைத்துக்கொண்டால் பாதி நோயைப் பூதக்கண்ணாடி இல்லாமலே பிரித்துவிடலாம்.

நீல மருந்தை இன்றோடு நிறுத்துங்கள். அது மெத்திலீன் ப்ளூ. முட்டையில் பூஞ்சை பிடிக்காமலிருக்கவும், தனி வாளியில் பூஞ்சை வைத்தியத்துக்கும் நல்லது. பெரிய தொட்டியில் ஊற்றினால், மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியா என்னும் நஞ்சை மாற்றிக் கொடுக்கும் நல்ல பாக்டீரியாவையும் சேர்த்துக் கொல்லும். உங்கள் தொட்டியில் அந்த பாக்டீரியா இன்னும் பிறக்கவே இல்லை. அது நிலைபெற 4 முதல் 6 வாரம் ஆகும். பிறக்கும் முன்னே மருந்தடித்தாயிற்று. மருந்தை எடுக்கப் பாதித் தண்ணீரை மாற்றி, ஒரு பிடி ஆக்டிவேட்டட் கார்பனைத் துணிப்பையில் கட்டி ஃபில்டரின் நீரோட்டத்தில் வையுங்கள். இரண்டு நாளில் நீலம் போய்விடும். அதற்குப் பிறகு கார்பனை எடுத்துவிட வேண்டும். அது கிடந்தால் அடுத்துப் போடும் மருந்தையும் உறிஞ்சிவிடும்.

இனி தண்ணீர். கப்பி வெனிசுவேலா, டிரினிடாட் பக்கத்து மீன். கடின நீரும் லேசான காரத்தன்மையும் கேட்பது. பிஎச் (7 நடுநிலை, குறைந்தால் புளிப்பு, கூடினால் காரம்) 7 முதல் 8, பொதுக் கடினத்தன்மை (கால்சியம், மக்னீசியம் அளவு) 8 முதல் 12 டிகிரி, கார்பனேட் கடினத்தன்மை (பிஎச் சரியாமல் பிடித்து நிறுத்துவது) 4 டிகிரிக்கு மேல் இருந்தால் சுகமாக இருக்கும். நம் வெட்டுக்கல் கிணறுகளில் இதற்கு நேர் எதிர். மழை செம்மண்ணிலும் வெட்டுக்கல்லிலும் ஊறி இறங்குவதால் சுண்ணாம்பு சேராது, பிஎச் 5.5 முதல் 6.5 வரை நிற்கும். குடிக்க, சோறு வடிக்க, துணி வெளுக்க அருமையான தண்ணீர். கப்பிக்கு ஆகாது. கடையில் விற்கும் கப்பிகள் பெரும்பாலும் போர்வெல் தண்ணீர்ப் பண்ணைகளில் வளர்ந்து வருபவை. கடின நீரில் பிறந்த மீனை ஒரே நாளில் உப்புச்சத்தே இல்லாத நீரில் விட்டால் அதன் உடம்பு உப்பைப் பிடித்து வைக்க முடியாமல் திணறும். துடுப்பை ஒடுக்கி, முன்னே போகாமல் பாம்பு போல நெளிவது அந்தத் திணறல்தான். இதற்கு எந்த மருந்தும் வேலை செய்யாது. தாதுச் சத்து வேண்டும்.

அளந்து பார்க்கச் சொட்டு மருந்து டெஸ்ட் கிட் வாங்குங்கள். அட்டைப் பட்டை அம்மோனியாவில் ஏமாற்றும். பிஎச் பார்க்கும்போது கிணற்றிலிருந்து எடுத்த உடனே ஒரு தடவையும், ராத்திரி முழுக்க ஏர் பம்ப் ஓட விட்டுக் காலையில் ஒரு தடவையும் பாருங்கள். கிணற்று நீரில் கரிமிலவாயு கரைந்திருப்பதால் இறைத்த உடனே பிஎச் தாழ்வாகக் காட்டும். காற்றூட்டினால் கொஞ்சம் ஏறும். தொட்டிக்குப் போகும் தண்ணீர் எதுவானாலும் இப்படி ஒரு ராத்திரி காற்றூட்டினதாகவே இருக்கட்டும்.

கடினத்தன்மை ஏற்ற விலை உயர்ந்த பொடி எதுவும் தேவையில்லை. குளச்சல், கடியபட்டணம் பக்கத்துச் சிப்பி சமைக்கிற வீட்டில் ஓடு சும்மாவே கிடைக்கும். ஒட்டியிருக்கும் சதையைச் சுரண்டி, வேகவைத்து, தேய்த்துக் கழுவி, வெயிலில் உலர்த்தி, விரல் நகம் அளவுக்கு உடையுங்கள். 40 லிட்டருக்கு ஒரு 100 கிராம், வலைப் பையில் கட்டி ஃபில்டர் தண்ணீர் படும் இடத்தில். புளிப்பு நீரில்தான் அது கரையும், பிஎச் 7.5ஐத் தாண்டியதும் கரைவது தானாகக் குறைந்துவிடும். அளவு கூடிப்போகாமல் அதுவே பார்த்துக்கொள்வதுதான் இதன் அழகு. ஆனால் மெதுவாக ஏறும், வாரக்கணக்கில். உடனே ஏற்றம் வேண்டுமானால் சமையல் சோடா: 40 லிட்டருக்கு 1.2 கிராம், அதாவது கால் டீஸ்பூன், கார்பனேட் கடினத்தன்மையை 1 டிகிரி ஏற்றும். எப்சம் உப்பு 1.8 கிராம் பொதுக் கடினத்தன்மையை 1 டிகிரி ஏற்றும். நாளுக்கு ஒரு டிகிரிக்கு மேல் ஏற்ற வேண்டாம்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. உங்கள் தொட்டியில் அம்மோனியா கண்டிப்பாக இருக்கும். புதுத் தொட்டி, 20 மீன். பிஎச் 6.5க்குக் கீழே அது பெரும்பாலும் தீங்கு குறைந்த அம்மோனியம் வடிவில்தான் கிடக்கும். பிஎச் 7ல் மொத்தத்தில் அரை சதவீதம்தான் நஞ்சாக இருக்கும். அதே நீர் பிஎச் 8க்குப் போனால் சுமார் 5 சதவீதம், பத்து மடங்கு. அம்மோனியா இருக்கும்போது சோடாவைக் கொட்டினால் புளிப்பால் வாடிக்கொண்டிருந்த மீன் ராத்திரியோடு செத்துப்போகும். ஆகவே முதலில் தண்ணீர் மாற்றி அம்மோனியாவை லிட்டருக்கு 0.25 மில்லிகிராமுக்குக் கீழே இறக்குங்கள், பிறகுதான் சோடா. இரண்டு நாள் தீனி போடாதீர்கள். கப்பி பட்டினியால் சாகாது.

தொட்டியின் கொள்ளளவைக் கடைக்காரர் சொன்னபடி எடுத்துக்கொள்ள வேண்டாம். நீளம், அகலம், தண்ணீர் நிற்கும் உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 1000ஆல் வகுத்தால் லிட்டர். ரெண்டடி நீளம், ஓரடி அகலத் தொட்டியில் 25 சென்டிமீட்டர் தண்ணீர் நின்றால் சுமார் 45 லிட்டர். கல்லும் மணலும் 5 லிட்டர் பிடித்துக்கொள்ளும். 40 லிட்டர் என்று வைத்தே கீழே கணக்குச் சொல்கிறேன்.

வெண்புள்ளியைப் பார்ப்போம். உப்புக் கல் அளவு, தனித்தனியாக, துடுப்பிலும் உடம்பிலும். மீன் கல்லிலும் செடியிலும் உரசும். டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துப் பார்த்தால், புள்ளியாக இல்லாமல் தங்கத் தூள் பூசினது போல் மின்னினால் அது வெல்வெட் நோய், வேறு ஒட்டுண்ணி. இடவப்பாதி (தென்மேற்கு) மழையிலும் துலா (ஐப்பசி) மழையிலும் தண்ணீர் திடீரென்று குளிரும்போது வெண்புள்ளி கிளம்பும். புள்ளிக்குள் இருக்கும்போது ஒட்டுண்ணி மீனின் தோலுக்கு அடியில் இருக்கிறது. எந்த மருந்தும் தொடாது. அது உதிர்ந்து, அடியில் கிடந்து நூற்றுக்கணக்கில் பிளந்து, அடுத்த மீனைத் தேடி நீந்தும் அந்த ஒன்றிரண்டு நாளில்தான் கொல்ல முடியும். மருந்து போட்ட மூன்றாம் நாள் புள்ளி மறைந்தது என்று நிறுத்துகிறவர்களுக்கு ஒரு வாரத்தில் இரட்டிப்பாகத் திரும்பி வருவது இதனால்தான்.

சூட்டை 30 டிகிரிக்கு ஏற்றினால் இந்த ஒட்டுண்ணி பெருகாது; எல்லாரும் சொல்லும் வைத்தியம் அது. உங்கள் தொட்டியில் அதைச் செய்யாதீர்கள். வாய் வெளுத்த மீன் இருக்கிறதே, அந்த பாக்டீரியாவுக்குச் சூடுதான் விருந்து. ஹீட்டர் இருந்தால் அணைத்துவிட்டு, 25, 26 டிகிரியில் உப்பு வைத்தியம் மட்டும் பாருங்கள்.

கப்பி உப்பை நன்றாகத் தாங்கும். மெதுவாகப் பழக்கினால் கடல்நீரில்கூட வாழும். புத்தளத்துக் கல்லுப்பே போதும். லிட்டருக்கு 3 கிராம், அதாவது உங்களுக்கு 120 கிராம். இன்று காலை 40, மாலை 40, நாளைக் காலை 40. கல்லாகப் போடாமல் தனியாகக் கரைத்து, ஃபில்டர் ஓட்டத்தில் ஊற்றுங்கள். 14 நாள் அப்படியே இருக்க வேண்டும். தண்ணீர் ஆவியாகிக் குறைந்தால் வெறும் தண்ணீர் விட்டால் போதும், உப்பு ஆவியாகாது. 10 லிட்டர் எடுத்து 10 லிட்டர் மாற்றினால் 30 கிராம் உப்பு சேர்க்க வேண்டும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு உப்பைக் கூட்டிக்கொண்டே போகிறவர்கள் உண்டு. செடிகளில் சில இந்த உப்பைத் தாங்காது. அவற்றைத் தனி வாளியில் 2 வாரம் வையுங்கள். மீன் இல்லாத வாளியில் ஒட்டுண்ணி தானே பட்டினியில் செத்துவிடும். நத்தையையும் எடுத்துவிடுங்கள்.

இதே உப்பு இன்னொரு வேலையும் செய்யும். புதுத் தொட்டியில் அம்மோனியாவுக்குப் பிறகு நைட்ரைட் ஏறும். அது ரத்தத்தைப் பழுப்பாக்கி, காற்று இருந்தும் மூச்சுத் திணற வைக்கும். உப்பிலுள்ள குளோரைடு செவுள் வழியாக நைட்ரைட் நுழைவதைத் தடுக்கும். வெல்வெட்டாக இருந்தாலும் இதே உப்புதான். கூடவே தொட்டியைத் துணி போட்டு மூடி இருட்டாக்குங்கள், அந்த ஒட்டுண்ணி வெளிச்சத்தில் உணவு தயாரிப்பது.

வெளுத்த வாய்தான் உங்கள் தொட்டியில் மிக அவசரம். பஞ்சு போல் இருப்பதால் எல்லாரும் பூஞ்சை என்று நினைத்து நீல மருந்தை ஊற்றுகிறார்கள். பூஞ்சை என்றால் காயம் பட்ட இடத்தில் நீண்ட இழைகள் நிமிர்ந்து நிற்கும், நாள் கணக்கில் வளரும். உதடு வெளுத்து அரிப்பதும், முதுகில் சேணம் வைத்தது போல் வெளிறின பட்டை விழுவதும் ஃபிளாவோபாக்டீரியம் கொலம்நாரே என்னும் பாக்டீரியா. அந்த மீனை இப்போதே ஒரு வாளிக்கு மாற்றுங்கள். 12 லிட்டர் காற்றூட்டின கிணற்று நீர், 36 கிராம் உப்பு இரண்டு தவணையாக, ஏர் ஸ்டோன், மேலே தட்டு. கால்நடை மருத்துவரிடம் கேட்டு ஆக்சிடெட்ராசைக்ளின் வாங்க முடிந்தால் லிட்டருக்கு 20 மில்லிகிராம். 12 லிட்டருக்கு 250 மில்லிகிராம் காப்ஸ்யூல் ஒன்று சரியாக வரும். தினமும் பாதித் தண்ணீர் மாற்றி, மாற்றிய அளவுக்கு உப்பும் மருந்தும் சேர்த்து 5 நாள். கடின நீரில் சுண்ணாம்புச் சத்து இந்த மருந்தைப் பிடித்து முடக்கிவிடும். அதனால் இந்த வாளியில் சிப்பி ஓடு போடக் கூடாது. மற்ற இடத்தில் குற்றமாக இருந்த நம் மென்னீர் இங்கே மட்டும் உதவிக்கு வருகிறது. வெளிச்சத்தில் மருந்து கெட்டு நீர் பழுப்பாகும். தட்டு மூடி வையுங்கள்.

உதடு முழுக்க அரித்துப் போயிருந்தால் பிழைக்காது. அப்படியானால் கிராம்புத் தைலம் 10 சொட்டை வெதுவெதுப்பான நீரில் பால் போலாகும் வரை குலுக்கி, 1 லிட்டர் தண்ணீரில் கலந்து மீனை விடுங்கள். மூச்சு நின்ற பிறகும் கால் மணி நேரம் விட்டு வையுங்கள். செத்த மீனைத் தொட்டியில் ஒரு மணி நேரம்கூட விடாதீர்கள். மற்ற மீன்கள் கொத்தித் தின்னும், அதுவே நோயைப் பரப்பும்.

சிவப்பு நூல் கமல்லானஸ் என்னும் உருண்டைப் புழு. மீன் அசையாமல் நிற்கும்போது ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வெளியே நீட்டும், அசைந்தால் உள்ளே இழுத்துக்கொள்ளும். மலமும் சிவந்திருக்கலாம், சிவப்புத் தீனி தின்றிருந்தால். ஆனால் மலம் உள்ளே இழுபடாது. ஒரு மீனில் வெளியே தெரிந்தால் மற்ற மீன்களின் வயிற்றிலும் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். புழு உயிருள்ள குஞ்சுகளை நீரில் விடும். மற்ற மீன்கள் அதைத் தீனியென்று தின்றுவிடும்.

இதற்கு மருந்து லெவாமிசோல். ஆடு, கோழிக்குப் பூச்சி மருந்து விற்கும் கடையில் கிடைக்கும். லேபிளில் லெவாமிசோல் ஹைட்ரோகுளோரைடு மட்டும் இருக்க வேண்டும். வேறு மருந்து கலந்தது வேண்டாம். லிட்டருக்கு 2 மில்லிகிராம், உங்களுக்கு 80 மில்லிகிராம். 150 மில்லிகிராம் மாத்திரையைப் பொடித்து 15 மில்லி நீரில் கரைத்தால் 1 மில்லியில் 10 மில்லிகிராம் இருக்கும்; அதில் 8 மில்லியைச் சிரிஞ்சால் அளந்து ஊற்றலாம். விளக்கை அணைத்து, தொட்டியைத் துணியால் மூடி 24 மணி நேரம். இந்த மருந்து புழுவைக் கொல்லாது, மரக்க வைக்கும். மீன் அதை வெளியே தள்ளும்; கீழே விழுந்தது மரப்பு தெளிந்து எழுந்தால் மறுபடி தின்னப்படும். எனவே மறுநாள் அடிமணலைக் குழாய் போட்டு முழுக்க உறிஞ்சி எடுத்து, பாதிக்கு மேல் தண்ணீர் மாற்ற வேண்டும். பலர் தவற விடுவது இந்த உறிஞ்சலைத்தான். 3 வாரம் கழித்து இன்னொரு முறை. பிரசிகுவான்டெல் தட்டைப்புழுவுக்கும் செவுள் புழுவுக்கும் உரியது, கமல்லானஸில் பலிக்காது.

ஆனால் இன்று அதைத் தொட வேண்டாம். புழு வாரக்கணக்கில் கொல்வது. புள்ளியும் வாய் நோயும் நாள் கணக்கில் கொல்வது. நூல் தெரியும் மீனைத் தனியே வைத்து, உப்பு வைத்தியம் முடிந்ததும், அதாவது இன்றிலிருந்து மூன்றாம் வாரம், முழுத் தொட்டிக்கும் லெவாமிசோல் போடுங்கள். வாடிய மீன் ஒரே நேரத்தில் இரண்டு வைத்தியம் தாங்காது.

இனி வருவதையும் சொல்லிவிடுகிறேன், பெயர் மாற்றிக் குழம்பாமல் இருக்க. வால் ஓரம் வெள்ளையாகவோ சிவப்பாகவோ நைந்திருந்தால் துடுப்பு அழுகல். கத்தரித்தது போல நேராக இருந்தால் இன்னொரு மீன் கடித்தது. முன்னதற்குச் சுத்தமான நீரும் லிட்டருக்கு 1 கிராம் உப்பும் போதும். வயிறு ஒட்டி, வெள்ளை நூல் போல மலம் தொங்கினால் குடலில் வாழும் ஒற்றைச்செல் ஒட்டுண்ணி; 400 மில்லிகிராம் மெட்ரோனிடசோல் மாத்திரை ஒன்று 40 லிட்டருக்கு, ஒரு நாள் விட்டு ஒரு நாள் மூன்று முறை, ஒவ்வொரு முறைக்கும் முன் கால்பங்கு நீர் மாற்றி. உடம்பில் வெள்ளைத் திட்டு விழுந்து அந்த இடத்தில் செதில் தூக்கினால் டெட்ராஹைமினா என்னும் ஒற்றைச்செல் உயிர். அதனால் வருவதற்குக் கப்பி நோய் என்றே பெயர், அழுக்கு நீரில் வருவது. சதைக்குள் போய்விட்டால் மருந்து எட்டாது. எல்லாச் செதிலும் அன்னாசிப் பழம் போல நிமிர்ந்தால் நீர்க்கோவை, சிறுநீரகம் போய்விட்டது என்று அர்த்தம், பிழைப்பது அபூர்வம். சூல் கொண்ட மீன் மேலிருந்து பார்த்தால் வயிறு மட்டும் பருத்திருக்கும், செதில் படிந்தே இருக்கும். முதுகு வளைந்து மாதக்கணக்கில் மெலிந்தால் மீன் காசநோயாக இருக்கலாம். அந்த பாக்டீரியா மனிதர் கையிலுள்ள வெட்டுக் காயம் வழியாகத் தோலைப் பிடிக்கும். கையில் புண் இருந்தால் தொட்டிக்குள் கை விடாதீர்கள். குழாயை வாயால் உறிஞ்சித் தண்ணீர் இழுக்கும் பழக்கமும் வேண்டாம்.

மழைக்காலத்தில் ஊரில் கிணறுகளுக்கு ப்ளீச்சிங் பவுடர் போடுவார்கள். அதற்கடுத்த நாள் கிணற்று நீரை அப்படியே ஊற்றினால் செவுள் வெந்து எல்லா மீனும் மேலே வந்து வாயைத் திறக்கும். கிணறு என்றால் குளோரின் இருக்காது என்று நம்பிவிடாதீர்கள். சோடியம் தயோசல்ஃபேட் 10 கிராமை 100 மில்லி நீரில் கரைத்து வைத்துக்கொண்டு, 10 லிட்டருக்கு 1 மில்லி கலந்தால் சாதாரணக் குளோரின் அளவுக்குப் போதும். பவுடர் வாசனை மூக்கில் ஏறுகிற அளவுக்கு இருந்தால் இரண்டு மூன்று நாள் பொறுத்திருங்கள். கரண்ட் போகும் இரவுகளுக்கு பேட்டரி ஏர் பம்ப் ஒன்று தேவை. நோயுள்ள தொட்டியில் காற்று நின்றால் மருந்தால் பிழைத்ததும் போய்விடும்.

இருக்கிற மீன்களோடு இந்த 6 வாரம் புதிதாக எதையும் சேர்க்காதீர்கள். பிறகு வாங்கினால் 20 லிட்டர் டப்பில் ஸ்பாஞ்ச் ஃபில்டரோடு 4 வாரம் தனியாக. அந்த டப்பில் சிப்பி ஓடு போட்டு, கடைத் தண்ணீரின் பிஎச்சும் கடினத்தன்மையும் முன்பே கேட்டு, கிட்டத்தட்ட அதற்குச் சமமாக ஆக்கி வைத்திருங்கள். நெடுந்தூரம் வந்த பையைத் திறந்து சொட்டுச் சொட்டாக மணிக்கணக்கில் தண்ணீர் கலப்பது நல்லதென்று சொல்வார்கள். மூடிய பையில் கரிமிலவாயு சேர்ந்து பிஎச் தாழ்ந்திருக்கும், அம்மோனியாவும் சேர்ந்திருக்கும். திறந்ததும் வாயு போய் பிஎச் ஏறும், அம்மோனியா நஞ்சாகும். பையை மிதக்க விட்டுச் சூடு சமமானதும், பைத் தண்ணீரை விட்டுவிட்டு மீனை மட்டும் வலையால் எடுத்து விடுங்கள். டப்புக்கு ஒரு வலை, தொட்டிக்கு ஒரு வலை. பயன்படுத்தியதும் முழு வெயிலில் மொறுமொறுவென்று காய விடுங்கள். மாற்றிய தண்ணீரைத் தென்னை மூட்டில் ஊற்றலாம், உப்புள்ளதை வேண்டாம். ஓடையிலோ குளத்திலோ மட்டும் ஊற்றிவிடாதீர்கள், குட்டிக் கப்பிகள் சில அதில் போனாலும் அங்கே பெருகிவிடும்.